சேர்க்கைக் கடிதத்துக்கு முந்தைய ஓராண்டு: தமிழ் அமைப்புகளின் கல்விப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இயங்கும் தமிழ், இந்திய அமைப்புகளின் மதிப்பிற்குரிய கல்விப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

நான் இடைநிலைப்பள்ளியில் கூடுதல் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில், சனிக்கிழமைப் பிற்பகல்களில், இந்தியாவில் எம்பிஏ படிக்க விரும்பும் பட்டதாரிகளுக்கு நுழைவுத்தேர்வுக் கணிதம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஒரு நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் அந்த அறை தாங்காது. எந்த அமைப்பின் மீதும் எனக்குக் கோபம் இல்லை. உங்களில் பலர் என் பழைய மாணவர்கள். ஆனாலும் இதை நேரில் சொல்லாமல் எழுத்தில் வைப்பதற்குக் காரணம், ஒரே செய்தியை ஒவ்வொரு தலைவரிடமும் தனித்தனியே சொல்லி, ஒவ்வொருவரும் தலையசைத்து, பிறகு அடுத்த கல்விக் கண்காட்சியும் பழையபடியே நடந்து முடிவதைச் சில ஆண்டுகளாகப் பார்த்துக் கொண்டிருப்பதுதான்.

சொல்ல வந்தது இதுதான். உங்கள் கல்வி நிதிகள் அனைத்தும் சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகே திறக்கின்றன. விண்ணப்பப் படிவத்தின் முதல் வரியே "சேர்க்கைக் கடிதத்தின் நகலை இணைக்கவும்" என்று இருக்கிறது. இந்திய மேலாண்மைக் கல்வியைப் பொறுத்தவரை நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் அந்தக் கடிதத்துக்குப் பின்னால் இல்லை. அதற்கு முந்தைய ஓராண்டில், சில வேளைகளில் ஒன்றரை ஆண்டில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அவர்களுக்குத் தேவைப்படுவது சரியான தகவல், தேர்வுக் கட்டணம், நேர்காணல் பயிற்சி, ஒன்றிரண்டு அலுவலகக் கடிதங்கள் ஆகியவையே. இவற்றில் எதையும் இன்று எந்த அமைப்பும் முறையாகத் தருவதாக எனக்குத் தெரியவில்லை. உதவியின் ஒரு பகுதியையாவது அந்த ஓராண்டுக்கு முன்னகர்த்த வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் தகவலைப் பற்றிச் சொல்கிறேன். சென்ற ஆண்டு என் அறையில் ஒரே பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் செந்தூலைச் சேர்ந்த மலேசியக் குடிமகன். இன்னொருவர் இங்கே வேலை பார்க்கும் கணினித்துறைத் தம்பதியின் மகள். மோன் கியாராவில் வளர்ந்தவர் என்றாலும் கையில் இருப்பது இந்தியக் கடப்பிதழ். மூன்றாமவர் மலேசியக் கடப்பிதழோடு, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையும் வைத்திருப்பவர். மூவரும் பேசுவது ஒரே தமிழ், படிப்பது ஒரே கணக்கு, கனவு காண்பது ஒரே ஐஐஎம் (இந்திய மேலாண்மைக் கழகம்). ஆனால் அந்த வாசலுக்குப் போகும் பாதை மூவருக்கும் வேறு வேறு என்பதை எந்தக் கண்காட்சியின் எந்த மேசையிலும் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் பெண்ணுக்கு ஐஐஎம் நுழைவுத்தேர்வான கேட் தேர்வே பெருவழி. ஒதுக்கீட்டுப் பிரிவில் வருபவராக இருந்தால் அதற்குரிய சான்றிதழைக் காட்டி அந்த உரிமையையும் அவர் கோரலாம். மலேசியக் குடிமகனோ இந்தியச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்; தாத்தா நாமக்கல்லில் பிறந்தவர் என்பது அங்கே செல்லுபடியாகாது. தம் தந்தையின் சாதிச் சான்றிதழை ஊரிலிருந்து வரவழைத்து வைத்துக் கொண்டு, இதைக் காட்டினால் மகனுக்கு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்குமா என்று கேட்ட ஒரு தந்தைக்கு, ஒதுக்கீடு இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது என்று விளக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் மேல் தவறில்லை. யாரோ ஒருவர் அவரிடம் "முயன்று பாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். ஓசிஐ அட்டைக்காரரின் நிலை இன்னும் குழப்பமானது. அட்டை இருப்பதால் அவருக்கு மாணவர் விசா வேண்டியதில்லை. ஆனால் 2021 மார்ச் 4 அன்று இந்திய உள்துறை அமைச்சு வெளியிட்ட அறிவிக்கையின்படி, நுழைவுத்தேர்வு வழியான சேர்க்கையில் ஓசிஐ அட்டையாளர்கள் (2023 இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, அந்த நாளுக்குப் பிறகு அட்டை பெற்றவர்கள்) வெளிநாடுவாழ் இந்தியருக்கான இடங்களுக்கோ, கூடுதலாக உருவாக்கப்படும் இடங்களுக்கோ மட்டுமே தகுதி பெறுவர். இந்தியக் குடிமக்களுக்கென்றே உள்ள இடங்கள் அவர்களுக்கு இல்லை. "ஓசிஐ எடுத்துவிட்டால் இந்தியப் பிள்ளை மாதிரிதான்" என்று மேடையில் பேசும் நண்பர்கள் இந்த ஓர் அறிவிக்கையையாவது படித்துவிட்டுப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இனித் தேர்வுக்கு வருகிறேன். கேட் என்பது ஐஐஎம்கள் சேர்ந்து நடத்தும் பொது நுழைவுத்தேர்வு. ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், நவம்பர் இறுதியையொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமையில், மூன்று அமர்வுகளாக, இந்திய நகரங்களில் மட்டும் நடக்கிறது. கோலாலம்பூரில் மையம் கிடையாது. எழுத நினைப்பவர் சென்னைக்கோ திருச்சிக்கோ பறந்து போய் எழுதிவிட்டுத் திரும்ப வேண்டும். மெர்டேக்கா மாதமான ஆகஸ்டில் பதிவு தொடங்கி, மலேசிய தினம் வரும் செப்டம்பரில் முடிந்துவிடும். நம் கண்காட்சிகளில் பல அக்டோபரில், தீபாவளிச் சந்தையோடு சேர்த்து நடத்தப்படுகின்றன என்பதை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அங்கே ஒருவர் முதன்முதலாகக் கேட் என்ற சொல்லைக் கேட்டு ஆர்வம் கொண்டாலும், அந்த ஆண்டின் கதவு அதற்கு முன்பே மூடப்பட்டிருக்கும்.

2020 முதல் அத்தேர்வு 120 நிமிடங்களுக்கு உரியது. ஆங்கில வாசிப்பும் மொழித்திறனும், தரவு விளக்கமும் தருக்கமும், கணிதம் என்ற மூன்று பகுதிகளுக்கும் தலா 40 நிமிடம். ஒரு பகுதியின் நேரம் முடியும்வரை அடுத்த பகுதிக்குப் போக முடியாது; முடிந்த பகுதிக்குத் திரும்பி வரவும் முடியாது. 2024 இல் மொத்தம் 68 வினாக்கள் இருந்தன. சரியான விடைக்கு 3 மதிப்பெண்; நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவில் தவறினால் 1 மதிப்பெண் கழியும்; விடையை நாமே தட்டச்சு செய்யும் வினாக்களில் கழிவு இல்லை. ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம், ஆறாம் படிவத்து எஸ்டிபிஎம் தேர்வுகளில் எல்லா வினாவுக்கும் விடை எழுதிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு, எந்த வினாவைத் தொடாமல் விடுவது என்பதுதான் இங்கே கற்க வேண்டிய முதல் பாடம். நல்ல மாணவர்களுக்கே இது கடினமாக இருக்கிறது. வெற்றிடம் விட்டுவிட்டு எழுந்திருக்க அவர்களின் கை கூசுகிறது.

முடிவு வரும்போது இன்னொரு குழப்பம் காத்திருக்கும். அங்கே முதன்மையாகப் பார்க்கப்படுவது விழுக்காடு அல்ல, சதமானம். 99 சதமானம் பெற்றவர் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மதிப்பெண் எடுத்தவர் அல்லர். எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரை முந்தியவர். ஏறக்குறைய 3 இலட்சம் பேர் எழுதும் தேர்வில் அதன் பொருள், முதல் 3,000 பேருக்குள் அவர் இருக்கிறார் என்பது. மூத்த ஐஐஎம்களின் அழைப்புக்கு அதுவும் பலருக்குப் போதுவதில்லை. இந்த எண்ணிக்கையைச் சொல்லிப் பயமுறுத்துவது என் நோக்கமன்று. எழுத வேண்டிய தேவை உண்மையிலேயே யாருக்கு இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

ஏனென்றால் மலேசியக் குடிமக்களாகிய நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் கேட் எழுதவே தேவையில்லை. பல ஐஐஎம்கள் வெளிநாட்டு விண்ணப்பதாரர்களிடம், மேலாண்மைக் கல்விக்கான அனைத்துலக நுழைவுத்தேர்வான ஜிமாட் மதிப்பெண்ணை ஏற்கின்றன. ஜாம்ஷெட்பூரில் 1949 முதல் இயங்கும் எக்ஸ்எல்ஆர்ஐ மேலாண்மைக் கல்வி நிறுவனமும் அப்படியே. ஹைதராபாத்திலும் மொகாலியிலும் வளாகங்கள் கொண்ட ஐஎஸ்பி வணிகப்பள்ளி, ஜிமாட்டோடு, மேற்படிப்புக்கான மற்றோர் அனைத்துலகத் தேர்வான ஜிஆர்இ மதிப்பெண்ணையும் ஏற்கிறது. ஜிமாட்டைக் கோலாலம்பூரிலேயே எழுதலாம். நாளையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். அதன் மதிப்பெண் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். கேட் மதிப்பெண்ணோ ஒரு சேர்க்கைச் சுற்றோடு முடிந்துவிடும். அதாவது, பல்கலைக்கழகத்தின் இறுதியாண்டில், படிக்கும் பழக்கம் கையில் இருக்கும்போதே ஜிமாட் எழுதிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டு வேலை அனுபவம் பெற்றபின் அதே மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்க ஒரு மலேசிய மாணவரால் முடியும். இந்த ஒரு வாக்கியத்தை உங்கள் அமைப்புகளின் இளைஞர் பிரிவுகள் ஒவ்வொரு பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் மன்றத்துக்கும் கொண்டு சேர்த்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

செந்தூல் இளைஞரின் கதையைச் சொன்னால் இது ஏன் எனக்கு இவ்வளவு உறுத்துகிறது என்பது விளங்கும். வணிகவியல் பட்டதாரியான அவர் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்துக் கொண்டு, வீடு திரும்பியதும் இரவு பதினொரு மணிவரை கேட் காணொளிகளைப் பார்த்து எட்டு மாதம் படித்திருக்கிறார். என்னிடம் வந்தபோது அவருடைய குறிப்பேட்டில் வட்டமும் முக்கோணமும் நாற்கரமுமாக வடிவியல் மட்டும் எண்பது பக்கம் இருந்தது. அழகான கையெழுத்து. 2023 நவம்பரில் ஜிமாட் புதிய வடிவத்துக்கு மாறியபோது வடிவியல் அதிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது என்று அவரிடம் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. ஆங்கில இலக்கணத் திருத்த வினாக்களும் கட்டுரைப் பகுதியும் அப்போதே போய்விட்டன. இன்றைய ஜிமாட் 45 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகள், மொத்தம் 64 வினாக்கள், 205 முதல் 805 வரையிலான மதிப்பெண் அளவு என்று சுருங்கியிருக்கிறது. கணிதப் பகுதியில் கணிப்பான் கிடையாது. தரவுப் பகுதியில் மட்டும் திரையில் உண்டு. கேட் தேர்விலோ கணிப்பான் திரையிலேயே இருக்கும். இரண்டும் ஒரே மாதிரித் தேர்வுகள் என்று நினைத்து, ஒன்றுக்குப் படித்து மற்றொன்றை எழுதப் போவது, பூப்பந்துக்குப் பழகிவிட்டு மேசைப்பந்து ஆடப் போவது போன்றது. அந்த இளைஞர் அதற்கு முந்தைய ஆண்டில் இரண்டு கல்விக் கண்காட்சிகளுக்குப் போயிருந்தார். இரண்டிலும் "கேட் படிக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். இரண்டிலும் பாராட்டியிருக்கிறார்கள்.

ஜிமாட்டில் ஒரு வகை வினா உண்டு. கணக்கு ஒன்றைத் தந்து, கீழே இரண்டு கூற்றுகளைக் கொடுப்பார்கள். விடையைக் கண்டுபிடிக்கச் சொல்ல மாட்டார்கள். விடை காண இந்தச் செய்திகள் போதுமா, ஒன்றே போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, சேர்ந்தும் போதாதா என்று மட்டும் கேட்பார்கள். கண்காட்சிகளில் தரப்படும் வண்ணக் கையேடுகளை என் மாணவர்களிடம் கொடுத்து, அதே வினாவைக் கேட்டுப் பார்த்தேன். "ஒரு மலேசிய மாணவர் இந்தக் கல்லூரியில் சேர முடியுமா என்று முடிவு செய்ய இந்தக் கையேடு போதுமா?" பதினொரு கையேடுகளில் ஒன்றுகூடப் போதவில்லை.

அடுத்ததாக ஒரு சிறிய இடர்ப்பாடு. ஆனால் இதில்தான் அமைப்புகளின் எடை உடனடியாகப் பயன்படும். இந்திய நிறுவனங்கள் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு ஆகிய மூன்றின் மதிப்பெண்களுக்கும் பல ஐஐஎம்கள் எடை தருகின்றன. விண்ணப்பப் படிவங்கள் அவற்றை விழுக்காட்டில் கேட்கின்றன. நம் எஸ்பிஎம் சான்றிதழிலோ ஏ பிளஸ், ஏ, பி பிளஸ் என்று எழுத்துகள்தாம் இருக்கின்றன, மதிப்பெண் இல்லை. எஸ்டிபிஎம் 4.00 அளவையில் தரப்புள்ளி தருகிறது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான மெட்ரிகுலேஷன் படித்தவருக்கு அது பன்னிரண்டாம் வகுப்புக்கு ஈடா என்ற கேள்வியே தொடங்கிவிடுகிறது. பட்டப்படிப்பைப் பொறுத்தவரை கேட் விதி தெளிவாக இருக்கிறது. தரப்புள்ளியை விழுக்காடாக மாற்றப் பல்கலைக்கழகமே ஒரு முறையை வைத்திருந்தால் அதைப் பின்பற்ற வேண்டும். அப்படி ஒரு முறை இல்லையென்றால், பெற்ற தரப்புள்ளியை அதிகபட்சத் தரப்புள்ளியால் வகுத்து நூறால் பெருக்கிக் கொள்ளலாம். 4.00க்கு 3.20 பெற்றவருக்கு அது 80 விழுக்காடு. ஆனால் தங்களிடம் மாற்று முறை இருக்கிறது, அல்லது இல்லை என்று பல்கலைக்கழகம் ஒரு பக்கக் கடிதம் தர வேண்டும். அந்த ஒரு பக்கத்துக்காக என் மாணவி ஒருவர் ஒரு பதிவாளர் அலுவலகத்துக்கு ஐந்து வாரம் நடந்தார். இந்தப் படிவம் எதற்கு என்று அங்கே இருந்தவர்களுக்கு விளங்கவில்லை. அவர்களுக்கு விளக்கும் பதவியில் இவரும் இல்லை. உங்கள் அமைப்பின் கடிதத்தாளில் ஒரு வேண்டுகோள் முன்கூட்டியே போயிருந்தால், எல்லாப் பல்கலைக்கழகங்களிடமிருந்தும் ஒரு பொதுக் கடித வடிவத்தை வாங்கி வைத்திருந்தால், அது ஒரு நாள் வேலை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இந்தியா என்றால் மலிவு என்ற எண்ணம் நம்மிடையே வேரோடியிருக்கிறது. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போன தலைமுறையின் நினைவு அது. மூத்த ஐஐஎம்களின் ஈராண்டுக் கட்டணம் 20 இலட்சம் ரூபாயைத் தாண்டி நெடுநாள் ஆகிறது. ஒரு ரிங்கிட்டுக்கு இருபது ரூபாய் என்று தோராயமாக வைத்துக் கொண்டாலும் அது ஓர் இலட்சம் ரிங்கிட்டுக்கு மேல். வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் வாங்கும் நிறுவனங்களில் இன்னும் கூடும். மலேசிய அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் உள்நாட்டுக் கல்விக்கே உரியது. ஊழியர் சேமநிதியில் கல்விக்கென எடுக்கும் வழி உண்டு. பெற்றோர் பலர் அதை எடுக்கிறார்கள். ஆகவே எல்லாரையும் இந்தியாவுக்கு அனுப்புங்கள் என்று நான் எழுதவில்லை. என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேருக்காவது, இரண்டு ஆண்டு இங்கேயே வேலை பாருங்கள், அல்லது உள்ளூரில் பகுதி நேரமாகப் படியுங்கள் என்றே சொல்லியிருக்கிறேன். ஆனால் போகத் தகுதியும் விருப்பமும் உள்ளவர் எதில் தடுமாறுகிறார் என்று பார்த்தால், அந்த ஓர் இலட்சம் அல்ல. அதற்கு அவர் கடனோ, உதவித்தொகையோ, உங்கள் நிதியோ தேடிக் கொள்வார். தடுமாற வைப்பது தொடக்கத்தில் வரும் ஆயிரம் ரிங்கிட். ஜிமாட் கட்டணம் ஒரு முறைக்கே ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டுகிறது. மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு சம்பளத்தில் வீட்டுக்கும் கொடுத்து, மோட்டார் சைக்கிள் தவணையும் கட்டும் ஒருவர், கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத ஒன்றுக்கு ஆயிரம் ரிங்கிட்டை வைக்கத் தயங்குவது இயற்கை. தயங்கியே இரண்டு ஆண்டுகளைக் கழித்துவிட்ட மூவரை எனக்குத் தெரியும்.

அதற்கு ஒரு சுழல் நிதி போதும் என்பது என் கணிப்பு. மாதிரித் தேர்வு ஒன்றை நாமே வைத்து, அதில் ஓரளவு தேறியவர்களுக்கு முதல் தேர்வுக் கட்டணத்தை அமைப்பு கட்டட்டும். வேலையில் இருப்பவர் அதை மாதம் நூறு ரிங்கிட்டாகத் திருப்பிச் செலுத்தலாம். இருபது பேருக்குக் கட்டினாலும் ஒரு பாராட்டு விழாவின் மண்டப வாடகைக்கும் விருந்துக்கும் ஆகும் செலவு ஆகாது. இலவசமாகக் கொடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. தம் பணம் சிறிதேனும் போகிறது என்றால்தான் சனிக்கிழமை மழையிலும் வகுப்புக்கு வருகிறார்கள் என்பது என் அனுபவம். இதில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் அதை மதிக்கிறேன்.

இடைத்தரகர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். உங்கள் கண்காட்சி ஒன்றில் மேசை போட்டிருந்த ஒரு முகவர், நிர்வாக ஒதுக்கீட்டில் உறுதியாக இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி, ஒரு குடும்பத்திடம் எட்டாயிரம் ரிங்கிட் முன்பணம் வாங்கினார். அந்த மகனை நுழைவுத்தேர்வு எழுத வேண்டாம் என்றும் சொன்னார். ஐந்து மாதம் கழித்துக் கிடைத்தது, விண்ணப்பித்த கல்லூரி அன்று, பெயரில் மட்டும் அதைப் போன்ற வேறொன்று. பெயர்களை இங்கே எழுதவில்லை. அந்தக் குடும்பம் விரும்பவில்லை. ஆனால் நீங்கள் மேசை ஒதுக்கும்போது கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஐஐஎம்களில் நிர்வாக ஒதுக்கீடு என்ற ஒன்றே இல்லை. அப்படிச் சொல்பவரை மண்டபத்துக்குள் விடக் கூடாது. தமிழ்நாட்டில் நன்கொடைக் கட்டணம் வாங்குவதை 1992 ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது; ஆகையால் ரசீது தராத பணத்தைப் பற்றிப் பேசுபவரையும் விடக் கூடாது. மூன்றாவது, தருவது எம்பிஏ பட்டமா, பிஜிடிஎம் எனப்படும் முதுநிலை மேலாண்மைப் பட்டயமா, அதற்கு யாருடைய அங்கீகாரம் இருக்கிறது என்று எழுத்தில் வாங்க வேண்டும். ஐஐஎம்களே 2018 ஜனவரி 31 அன்று ஐஐஎம் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை பட்டம் அளிக்கும் அதிகாரம் இல்லாமல் பட்டயமே கொடுத்து வந்தன. தனித்தியங்கும் தனியார் நிறுவனங்கள் பல இன்றும் பிஜிடிஎம்தான் தருகின்றன. பட்டயம் என்பதால் தரம் குறைவு என்று பொருளில்லை. எக்ஸ்எல்ஆர்ஐ தருவதும் பிஜிடிஎம்தான். ஆனால் திரும்பி வந்து இங்கே அரசுப் பணிக்கோ விரிவுரையாளர் பணிக்கோ விண்ணப்பிப்பவருக்கு, மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏ அதை எப்படிக் கணிக்கும் என்பது வாழ்க்கைக் கேள்வி. அதைக் கிளம்பும் முன்பே எழுதிக் கேட்டுப் பதிலை வாங்கி வைக்க வேண்டும்.

கடைசியாக, பணமே தேவைப்படாத ஒன்று. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாயில் இடைநிலைக் கல்வி முடித்து, ஆங்கிலத்தில் பட்டம் வாங்கிய நம் பிள்ளைகள் கணக்கில் சோடை போவதில்லை. கூடுதல் கணிதம் எடுத்தவருக்கு ஜிமாட் கணிதம் இரண்டு மாத வேலை. அவர்கள் திணறுவது ஆங்கில வாசிப்பில். சொற்கள் தெரியாமல் அல்ல. எண்ணூறு சொல் கொண்ட ஒரு கட்டுரையை, எழுதியவர் எங்கே தம் கருத்தைச் சொல்கிறார், எங்கே பிறர் கருத்தைச் சொல்லி மறுக்கிறார் என்று பிரித்துப் படித்த பழக்கம் இல்லாததால். மெய்யியல், மானுடவியல், பொருளியல் என்று எதுவும் வரலாம். தினம் ஒரு நீண்ட கட்டுரையைப் படித்து, நான்கு வரியில் தமிழிலேயே சுருக்கி எழுதச் சொல்கிறேன். தமிழில் எழுதினால் புரிந்ததா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் மூலத்தின் சொற்களையே இடம் மாற்றி வைத்து ஏமாற்றிவிடலாம்.

எழுத்துத் திறன் சோதனையும் நேர்காணலும் இதே போன்றவை. பொதுவாகப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, அதாவது தைப்பூசக் கூட்டம் கலைந்த கையோடு, அழைப்புகள் வரும். "மலேசியாவிலிருந்து ஏன் இந்தியாவுக்கு?" என்ற கேள்வி நிச்சயமாக வரும். "எங்கள் முன்னோர் நாடு" என்று சொல்பவரிடம், "அது சுற்றுலாவுக்குக் காரணம், எம்பிஏவுக்கு என்ன காரணம்?" என்று அடுத்த கேள்வி வரும். என் மாணவி ஒருவர் அந்த இடத்தில் உறைந்து போய்விட்டார். செம்பனை எண்ணெய் ஏற்றுமதி எங்கே போகிறது, மலேசிய நிறுவனங்கள் இந்தியாவில் எதில் முதலீடு செய்கின்றன, தாம் வேலை பார்க்கும் துறையில் இரு நாட்டுக்கும் இடையே என்ன நடக்கிறது என்று அவரிடம் அதற்கு முன் யாரும் உட்கார்ந்து பேசியதில்லை. கணித ஆசிரியனான நான் அதற்குப் போதமாட்டேன். உங்கள் உறுப்பினர் பட்டியலில் வங்கி அதிகாரிகள், கணக்காய்வாளர்கள், ஏற்றுமதியாளர்கள், மனிதவள மேலாளர்கள் இருக்கிறார்கள். ஜனவரியில் இரண்டு சனிக்கிழமை, மூவர் மூவராக உட்கார்ந்து மாதிரி நேர்காணல் நடத்தினால், நான் ஆறு மாதத்தில் செய்ய முடியாததை அவர்கள் ஆறு மணி நேரத்தில் செய்துவிடுவார்கள்.

அடுத்த ஆண்டுக் கண்காட்சியை அக்டோபரிலிருந்து ஜூனுக்கு மாற்றுவது, கடப்பிதழ் வகைக்கேற்ப மூன்று தனி மேசைகள் போடுவது, தரப்புள்ளி மாற்றக் கடிதத்தைப் பல்கலைக்கழகங்களிடம் கூட்டாகக் கேட்பது, தேர்வுக் கட்டணச் சுழல் நிதியைச் சிறிய அளவில் ஓராண்டு சோதித்துப் பார்ப்பது, ஜனவரி நேர்காணல் பயிற்சிக்கு ஆள் தருவது ஆகிய இவற்றுள் எதை எந்த அமைப்பு எடுத்துக் கொள்ளும் என்பதை நீங்களே கலந்து பேசி முடிவு செய்யலாம். மூன்று மேசைகளில் வைப்பதற்கான ஒரு பக்கத் தகவல் தாள்களை நானும் என் மாணவர்களும் எழுதித் தருகிறோம். விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால் ஒவ்வோர் ஆண்டும் திருத்தியும் தருகிறோம். செந்தூல் இளைஞர் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறார். அவர் இப்போது ஜிமாட் எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்.

பேச விரும்பும் பொறுப்பாளர்கள் எந்தச் சனிக்கிழமையும் இரண்டு மணிக்கு மேல் வரலாம். மாடிப்படி குறுகலானது, மின்தூக்கி இல்லை. மூன்றரை மணிக்குக் கீழ்க்கடையிலிருந்து தேநீர் வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்